எரியாத எல்.இ.டி.யும் எட்டு நாளும்: எலுமிச்சை மின்கலம் செய்யப் போகிறவர்களுக்கு

எலுமிச்சம்பழத்தில் துத்தநாகம் பூசிய ஒரு ஆணி, ஒரு செம்புக் கம்பி, நடுவில் ஒரு குட்டி விளக்கு. படத்தில் பார்த்தால் பத்து நிமிட வேலை. அறிவியல் கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருந்தது, இதில் என்ன பெரிய சிரமம் என்று எடுத்துக்கொண்டேன். அந்தப் பதினான்கு நாளில் எட்டு நாள் விளக்கு ஒழுங்காக எரியவே இல்லை. இருபதுக்கும் மேல் பழம், இரண்டு எல்.இ.டி., வோல்ட்டும் மின்னோட்டமும் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு ஃப்யூஸ், கொஞ்சம் தூக்கம், எல்லாம் போயிற்று. போன நாட்களில் பாதியாவது யாரோ ஒருவர் முன்னாடியே இரண்டு வாக்கியம் சொல்லியிருந்தால் மிஞ்சியிருக்கும். அந்த வாக்கியங்களைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதல் மூன்று நாள் விளக்கைத் தப்பாகத் தேர்ந்தெடுத்ததில் போனது. முதலில் மாட்டியது டார்ச் பல்பு, உள்ளே இழை இருக்கிற பழைய வகை. அது எரிய 2.5 வோல்ட் வேண்டும், 300 மில்லி ஆம்பியர் மின்னோட்டமும் வேண்டும். ஒரு பழம் தருவது ஒரு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவு என்று தெரிந்ததால் மூன்று பழத்தைத் தொடராக இணைத்தேன். மீட்டரில் 2.8 வோல்ட் வந்தது. பல்பில் ஒரு சிவப்புக் கீற்றுகூட இல்லை. பல்பை மாற்றினேன், கம்பியை மாற்றினேன், பழத்தை மாற்றினேன். கணக்குப் போட்டுப் பார்க்கத்தான் தோன்றவில்லை. ஆணியும் கம்பியும் குத்திய ஒரு பழம் தன் உச்சத்தில் தரக்கூடியது அரை மில்லி ஆம்பியர். அந்தப் பல்புக்கு வேண்டியது அதைப்போல அறுநூறு மடங்கு. பின்னால் கணக்குப் பார்த்தபோது, அந்த ஒரு பல்பை எரிக்க ஆறாயிரம் பழத்துக்கு மேல் வேண்டும் என்று வந்தது. இழை பல்பை எலுமிச்சையோடு சேர்த்தே நினைக்காதீர்கள். சின்ன மோட்டாரும் அப்படித்தான், சுற்றாது.

அடுத்து எல்.இ.டி. கையில் கிடைத்தது வெள்ளை. இரண்டு பழம் போதும் என்று எங்கேயோ பார்த்த நினைவில் மாட்டினேன். வெள்ளை, நீல எல்.இ.டி.கள் மங்கலாக எரியத் தொடங்கவே இரண்டரை வோல்ட்டுக்கு மேல் கேட்கும். சிவப்புக்கு 1.6, 1.7 வோல்ட் போதும். ஆகவே சிவப்பை வாங்குங்கள், 5 மி.மீ. அளவு. அதற்கு நீளக் கால், குட்டைக் கால் என்று இரண்டு உண்டு. நீளக் கால் செம்புப் பக்கம் போக வேண்டும், குட்டைக் கால் துத்தநாகப் பக்கம். திருப்பி மாட்டினால் எரியாது, ஆனால் இந்தச் சின்ன மின்னழுத்தத்தில் கெட்டும் போகாது, திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். எல்.இ.டி. நல்லதா என்று முதலிலேயே சோதித்துவிடுங்கள்: இரண்டு பென்சில் செல்லைத் தொடராக வைத்து, நடுவில் 220 ஓம் மின்தடை ஒன்றைப் போட்டுத் தொட்டால் பளிச்சென்று எரிய வேண்டும். நான் மின்தடை இல்லாமல் 9 வோல்ட் பேட்டரியில் தொட்டுப் பார்த்தேன். ஒரு நொடி கண்ணைக் கூசும்படி எரிந்து செத்தது. இரண்டாவதையும் அதே மாதிரி தொட்டேன் என்பதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

நான்காம், ஐந்தாம் நாள் மீட்டரால் போனது. பழம் எவ்வளவு மின்னோட்டம் தருகிறது என்று அளக்கக் குமிழை 20 மில்லி ஆம்பியரில் வைத்திருந்தேன். நடுவில், ஒரு டார்ச் செல் நல்லதா என்று பார்க்கிற அவசரத்தில் குமிழைத் திருப்பாமலேயே இரு முனைகளையும் செல்லின் இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன். மின்னோட்டம் அளக்கும் நிலையில் மீட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு வெறும் கம்பி. செல்லிலிருந்து அளவுக்கு மீறிய மின்னோட்டம் பாய்ந்து உள்ளே இருக்கிற ஃப்யூஸ் போய்விட்டது. சத்தம் இல்லை, புகை இல்லை, வோல்ட் அளவு மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. எந்தப் பழத்தை அளந்தாலும் மின்னோட்டம் பூஜ்யம். இரண்டு நாள் பழத்தைத்தான் குற்றம் சொன்னேன். இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும்: ஒரு 1.5 வோல்ட் செல், ஒரு 1000 ஓம் மின்தடை, மீட்டர் மூன்றையும் ஒரே சுற்றாக இணையுங்கள். ஒன்றரை மில்லி ஆம்பியரை ஒட்டிக் காட்ட வேண்டும். பூஜ்யம் காட்டினால் ஃப்யூஸ் போய்விட்டது. மாற்றும்போது பழைய ஃப்யூஸில் பொறித்திருக்கும் அதே ஆம்பியர், அதே அளவு பார்த்து வாங்கவும். கம்பியைச் சுற்றி ஒட்டுப்போடுகிற வேலை வேண்டாம்.

ஆறாம், ஏழாம் நாள் கதை இன்னும் எரிச்சல். செம்புக் கம்பி தீர்ந்துபோகவே, பழைய மின்விசிறி மோட்டாரிலிருந்து உருவிய கம்பியை எடுத்துக்கொண்டேன். பார்க்கப் பளபளவென்று நல்ல செம்பு. ஆனால் மோட்டார் சுற்றும் கம்பி எல்லாவற்றின் மேலும் மெல்லிய வார்னிஷ் பூச்சு இருக்கும், கண்ணாடி மாதிரி, கண்ணுக்குத் தெரியாது. மின்சாரம் அதைத் தாண்டாது. மீட்டர் ஒரு சமயம் 0.9 காட்டும், ஒரு சமயம் 0.2, கையை எடுத்தால் பூஜ்யம். கம்பியின் வெட்டிய முனையில் மட்டும் பழச்சாறு படுவதால் வந்த கூத்து அது. உப்புத்தாளால் நிறம் மாறும்வரை, சுற்றிலும், தேய்த்த பிறகுதான் அளவு நின்றது. பளபளப்பு போய் லேசாக இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் வார்னிஷ் போயிற்று என்று அர்த்தம். இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் வீட்டு வயரிங்குக்குப் போடும் ஒற்றைக் கம்பியின் மேலுறையை உரித்துப் பயன்படுத்துங்கள், அதில் வார்னிஷ் இருக்காது.

இங்கே ஒரு எச்சரிக்கை. செம்பைத் தேய்க்கிற அதே வேகத்தில் ஆணியையும் தேய்த்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது இரும்பு ஆணி அல்ல, அதன் மேலே பூசியிருக்கிற துத்தநாகம். தேய்த்தால் பூச்சு போய் இரும்பு வெளியே வரும், மின்னழுத்தம் பாதியாகும். எட்டாம் நாள் அதைத்தான் வேறு விதமாக அனுபவித்தேன். இரவு பத்து மணிக்கு நான்கு பழமும் சிவப்பு எல்.இ.டி.யும் சேர்ந்து முதன்முறையாக எரிந்தது. மங்கல்தான், ஆனாலும் அறையின் விளக்கை அணைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் எல்லோரிடமும் காட்டலாம் என்று அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினேன். காலையில் எரியவில்லை. முந்தைய இரவு ஒவ்வொரு பழத்திலும் 0.95 வோல்ட் இருந்தது, இப்போது 0.46. ஆணியை உருவினால் பழத்துக்குள் இருந்த பகுதி கறுத்திருந்தது. கடையில் பளபளப்பாகக் கிடைக்கும் மின்முலாம் பூசிய ஆணியில் துத்தநாகம் சில மைக்ரான் தடிப்புதான் இருக்கும். சுற்று இணைந்திருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலம் அதைத் தின்றுகொண்டே இருக்கும். துத்தநாகம் தீர்ந்ததும் இரும்பும் செம்பும்தான் மிச்சம், அந்த ஜோடி தருவது அவ்வளவுதான். பளபளப்பு இல்லாத, சாம்பல் நிறத்தில் பூப்பூவாகத் தெரியும் ஜி.ஐ. தகட்டில் (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) பூச்சு இன்னும் தடிப்பு. தகரம் வெட்டும் கத்தரியால் அதை 1.5 செ.மீ. அகலப் பட்டையாக வெட்டி, விளிம்பை அரத்தால் மழுக்கிக்கொண்டால் ஆணியைவிட எவ்வளவோ மேல். கையுறை போட்டு வெட்டவும், சின்னப் பிள்ளைகள் என்றால் பெரியவர்கள் வெட்டித் தரவும். பழைய பேட்டரியை உடைத்துத் துத்தநாகம் எடுக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். உள்ளே அரிக்கும் ரசாயனங்கள் இருக்கின்றன.

எட்டு நாளுக்கும் அடியில் இருந்த தவறு ஒன்றே. மீட்டர் காட்டிய வோல்ட்டை நம்பினேன். மல்டிமீட்டர் வோல்ட் அளக்கும்போது பழத்திடமிருந்து எதையுமே கேட்பதில்லை, அதன் மின்தடை பத்து லட்சம் ஓமுக்குக் குறையாது. கேட்காதவரிடம் எல்லோரும் தாராளமாகத்தான் பேசுவார்கள். விளக்கு மாட்டி உண்மையிலேயே மின்னோட்டம் எடுக்கும்போதுதான் பழத்தின் அக மின்தடை வேலையைக் காட்டும். அதை அளக்க ஒரேயொரு 1000 ஓம் மின்தடை போதும், அதன் மேல் பழுப்பு, கருப்பு, சிவப்பு என்று வளையம் இருக்கும். முதலில் வெறும் பழத்தின் வோல்ட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எனக்கு 0.95. பிறகு அந்த மின்தடையைச் செம்புக்கும் துத்தநாகத்துக்கும் குறுக்கே மாட்டி, மாட்டியபடியே மறுபடி வோல்ட் பாருங்கள். எனக்கு 0.32 வந்தது. 1000 ஓமில் 0.32 வோல்ட் என்றால் ஓடுவது 0.32 மில்லி ஆம்பியர். காணாமல்போன 0.63 வோல்ட்டை அந்த மின்னோட்டத்தால் வகுத்தால் கிட்டத்தட்ட 2000 ஓம். அதுதான் பழத்துக்குள் இருக்கிற தடை. நான்கு பழத்துக்கு 8000 ஓம். 3.8 வோல்ட்டில் எல்.இ.டி. எடுத்துக்கொள்ளும் 1.7 போக மிச்சம் 2.1, அதை 8000-ஆல் வகுத்தால் கால் மில்லி ஆம்பியர். இருட்டறையில் தெரியும், வெளிச்சமான கூடத்தில் தெரியாது. இந்தக் கணக்கு முதல் நாளே கையில் இருந்திருந்தால் டார்ச் பல்பைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

எனவே மிச்ச நாட்களில் செய்தது எல்லாம் அந்த 2000 ஓமைக் குறைக்கிற வேலைதான். முதலில் பழத்தை மேசை மேல் வைத்து உள்ளங்கையால் அழுத்தி, தோல் கிழியாமல், ஒரு நிமிடம் உருட்டுங்கள். உள்ளே இருக்கும் சாற்றுப் பைகள் உடைந்து சாறு ஒன்றாகச் சேரும். இரண்டாவது, உலோகத்தின் பரப்பு. இதில்தான் பெரிய லாபம். ஆணிக்குப் பதில் தகட்டுப் பட்டை, ஒற்றைக் கம்பிக்குப் பதில் 20 செ.மீ. செம்புக் கம்பியை 4 செ.மீ. நீளத்தில் ஐந்தாக மடித்து விசிறி மாதிரி செய்தது. செம்புத் தகடு கிடைத்தால் இன்னும் நல்லது. மூன்றாவது, இரண்டு உலோகத்துக்கும் நடுவே ஒரு செ.மீ. இடைவெளி போதும். நெருங்க நெருங்க நல்லது, ஆனால் உள்ளே தொட்டுக்கொண்டால் அந்தப் பழம் செத்ததற்குச் சமம், வெளியிலிருந்து பார்த்தால் தெரியவும் தெரியாது. பட்டைகளை இணையாக, நேராகச் செருகவும். இவ்வளவும் செய்த பிறகு அதே 1000 ஓமுக்குக் குறுக்கே 0.61 வோல்ட் வந்தது. கணக்குப் போட்டால் அக மின்தடை 560 ஓமை ஒட்டி. நான்கு பழம் கிட்டத்தட்ட 0.9 மில்லி ஆம்பியர் தந்தது. எல்.இ.டி. பகலிலேயே தெரிந்தது. பழத்தின் எண்ணிக்கை அதேதான், மாறியது சாறும் பரப்பும் இடைவெளியும்தான்.

இணைப்பு முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு பழத்தின் செம்பு அடுத்த பழத்தின் துத்தநாகத்துக்கு, அதன் செம்பு அதற்கடுத்த துத்தநாகத்துக்கு என்று சங்கிலியாகப் போக வேண்டும். கடைசியில் ஒரு ஓரம் செம்பும் மறு ஓரம் துத்தநாகமும் தனியாக நிற்கும், அங்கேதான் எல்.இ.டி. ஒரே பழத்தில் நான்கு ஜோடி குத்தினால் நான்கு மடங்கு வராது, சாறு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடும். ஆனால் பழத்தைக் குறுக்கே வெட்டி இரண்டு பாதியையும் தனித்தனி பாட்டில் மூடியில் உட்கார வைத்தால் இரண்டு மின்கலம் கிடைக்கும், ஒவ்வொன்றிலும் முழுப் பழத்தின் அதே வோல்ட். மூடி எதற்கு என்றால், வெட்டிய பழம் அட்டையில் சாறு விடும், அட்டை ஊறினால் பக்கத்துப் பழத்தோடு ஈரத்தால் இணைந்து மின்னோட்டம் அங்கே கசியும். முதலை வாய் கிளிப்பின் பல் சாற்றில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், படுகிற இடத்தில் துரு ஏறி இணைப்பு கெடும். உலோகத்தில் ஒரு செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும், கிளிப் அங்கே கவ்வட்டும்.

எரிந்துவிட்டால் போதும் என்று நான் நினைத்தேன். ஆனால் எரிகிற விளக்கு ஒரு பொம்மை, அளந்த அட்டவணைதான் ஆய்வு. ஒரு பழம் போல் இன்னொரு பழம் இருக்காது, அதனால் பழத்தை வைத்து எதையும் ஒப்பிடுவது கடினம். ஒப்பிடும் பகுதிக்கு வினிகருக்கு மாறினேன்: சின்னக் கப்பில் 30 மி.லி. வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு. எல்லாக் கப்பும் ஒன்றுபோல இருக்கும், உலோகத்தின் இடைவெளியை 1, 2, 4 செ.மீ. என்று அட்டையில் கீறி மாற்றலாம். ஒவ்வொரு முறையும் 1000 ஓமை மாட்டிச் சரியாக ஒரு நிமிடம் கழித்து அளவு எடுக்கவும், மூன்று முறை எடுத்துச் சராசரி போடவும். நேரத்தைக் கண்டிப்பாகப் பிடியுங்கள், ஏனென்றால் மாட்டிய நொடியிலிருந்து வோல்ட் இறங்கிக்கொண்டே போகும். செம்பின் மேல் ஹைட்ரஜன் குமிழி படிந்து பரப்பை மறைப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். செம்பை எடுத்துத் துடைத்துப் போட்டால் அளவு ஓரளவு மீண்டு வரும். இத்தாலிய அறிவியலாளர் வோல்டா 1800-இல் அடுக்கிய மின்கலத்துக்கும் இதே நோய் இருந்தது. 1836-இல் ஆங்கிலேய வேதியியலாளர் டேனியல் செம்புப் பக்கத்தைச் செம்பு சல்பேட் கரைசலில் வைத்து, ஹைட்ரஜனுக்குப் பதில் செம்பே படியும்படி செய்துதான் அதைத் தாண்டினார். பத்து நிமிடம் வரை, நிமிடத்துக்கு ஒரு அளவு எடுத்து வரைபடம் போட்டால் இந்த இறக்கம் அழகாகத் தெரியும். என் மேசையில் பார்வையாளர்கள் அதிக நேரம் நின்றது அந்த வரைபடத்தின் முன்னால்தான்.

ஒப்பீட்டுக்கு இன்னும் மூன்று கப் வைத்தேன். ஒன்றில் இரண்டுமே செம்பு: பூஜ்யத்தை ஒட்டித்தான் வரும். இன்னொன்றில் செம்பும் துத்தநாகமும், ஆனால் காய்ச்சி வடித்த நீர்: வெறும் மீட்டர் கணிசமாக வோல்ட் காட்டி ஏமாற்றும், 1000 ஓமை மாட்டியதும் தரைமட்டத்துக்கு விழும். மூன்றாவதில் வெறும் உப்புநீர், அமிலமே இல்லை. அதிலும் மின்சாரம் வரும். உருளைக்கிழங்கு வைக்க நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி: 2010-இல் வெளியான ஓர் ஆய்வு, எட்டு நிமிடம் வேகவைத்த கிழங்கு பச்சைக் கிழங்கைவிடப் பல மடங்கு திறன் தருவதைக் காட்டியது. வேகும்போது செல் சவ்வுகள் உடைந்து அக மின்தடை குறைகிறது. பச்சை ஒன்று, வெந்தது ஒன்று என்று பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே அது ஒரு தனி ஆய்வு.

இந்த உப்புநீர்க் கப்தான் நடுவர் முன்னால் என்னைக் காப்பாற்றியது. "எலுமிச்சையில் சேமித்திருக்கும் ஆற்றல்" என்று பெரிய எழுத்தில் சார்ட்டில் எழுதி வைத்திருந்தேன். பழத்தில் மின்சாரம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். முந்தைய நாள் உப்புநீரிலும் மின்சாரம் வந்ததைப் பார்த்திருந்ததால், சார்ட் தப்பு என்று ஒப்புக்கொள்ள முடிந்தது. கரைவது துத்தநாகம், ஆற்றல் அந்த வேதிவினையிலிருந்து வருகிறது. பழச்சாறு அயனிகள் நகர்வதற்கான மின்பகுளி, அதன் அமிலம் தருகிற ஹைட்ரஜன் அயனிகள் செம்புப் பக்கம் எலக்ட்ரானை வாங்கிக்கொள்கின்றன. தகடு எடை குறையுமா என்று அடுத்த கேள்வி வரும், தயாராக இருங்கள்: ஒரு மில்லி ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் 1.2 மில்லிகிராம் துத்தநாகம்தான் போகும். சமையலறைத் தராசில் அது தெரியாது.

கண்காட்சி நாளுக்குச் சில கைவேலைகள். கறுப்புக் காகிதத்தை 5 செ.மீ. நீளக் குழாயாகச் சுருட்டி எல்.இ.டி.யை உள்ளே வைத்தேன், கூடத்தின் வெளிச்சத்தில் அது இல்லாமல் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். நடுவில் ஒரு சுவிட்ச் போட்டு ஆள் வரும்போது மட்டும் இணைத்தேன், கூட்டம் இல்லாதபோது தகடுகளை உருவித் துடைத்து வைத்தேன். மதியத்துக்கு இன்னொரு செட் பட்டையும் வெட்டாத பழமும் தனியாக இருந்தன. ஒவ்வொரு கம்பியிலும் எங்கே போகிறது என்று ஒட்டியிருந்த காகிதத் துண்டால், ஒருவர் ஆர்வத்தில் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டபோது இரண்டே நிமிடத்தில் திரும்ப மாட்ட முடிந்தது. முடிந்த பிறகு ஒரு சின்னப் பையன் அந்தப் பழத்தைப் பிழிந்து குடிக்கலாமா என்று கேட்டான். கூடாது, அதில் துத்தநாகம் கரைந்திருக்கிறது. நேரே குப்பைக்குத்தான்.